ஊர் கூடிக் காட்டை மீட்பது: சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் புதுச்சேரியைச் சுற்றியும் உள்ள ஊர்களில், தங்கள் ஊரின் புறம்போக்கையோ கோயில் நிலத்தையோ பழையபடி காடாக்க விரும்பும் இளைஞர் குழுக்களும் மகளிர் குழுக்களும் ஊராட்சி உறுப்பினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. மலைக்கோ காவிரிப் படுகைக்கோ இவை அப்படியே பொருந்தாது.

எந்தக் காட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆந்திரக் கடற்கரையில் தொடங்கி இராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய குறுகிய பட்டையில் ஒரு காலத்தில் பரவியிருந்த வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டைப் பற்றி. ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் மழையில்லாத மண்ணில், கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்பதுதான் இந்தக் காட்டின் வியப்பு. மரங்கள் பெரிதாக உயர்வதில்லை. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். இலைகள் சிறியவை, தடித்தவை. மேலே வீரை, உலக்கைப்பாலை, காசா, கருங்காலி, நாவல், தேற்றான், காட்டெலுமிச்சை. கீழே காரை, களா, சூரை, விழுதி, செருந்தி. இவற்றையெல்லாம் பின்னிக்கொண்டு ஏறும் ஆதொண்டையும் குன்றிமணியும் பிற கொடிகளும். ஆள் நுழைய முடியாத இந்த அடர்த்தியைக் கண்டு 'புதர்' என்று அரசுப் பதிவேடுகளிலும் பேச்சு வழக்கிலும் ஒதுக்கிவிட்டதால்தான் அது எளிதாக அழிந்தது. இலங்கையின் வன்னிக் காடுகளிலும் பாலையும் வீரையும் இதே பெயர்களில் நிற்கின்றன. பாலைப்பழம் தின்று வளர்ந்த வன்னிக்காரருக்கு இந்தக் காட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் ஊரில் வேலியும் முள்ளும்தான் இருக்கின்றன. இங்கே அப்படி ஒரு காடு இருந்தது என்பதை எப்படி அறிவது?

முதலில் ஐயனார் கோயிலுக்குப் போங்கள். இந்த வட்டாரத்தில் இயற்கைக் காடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் காப்புக்காடுகளின் சில துண்டுகளிலும் கோயில் காடுகளிலும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்பது அத்தகைய காடு. சென்னைக்காரர்கள் கிண்டி தேசியப் பூங்காவில் இதே வகைக் காட்டின் எச்சத்தைக் காணலாம். ஊரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் உள்ள இரண்டு மூன்று கோயில் காடுகளைப் பார்த்து, அங்கே என்ன நிற்கிறது, எது மேட்டில் நிற்கிறது, எது ஓடைக்கரையில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், உங்கள் நிலத்துக்கான மாதிரி கையில் கிடைத்துவிடும்.

அடுத்து, வயதானவர்களிடமும், குறிப்பாக இருளர் குடியிருப்புகளிலும் கேளுங்கள். இந்தப் பகுதியின் செடிகொடிகளை அவர்கள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த அறிவை ஒரு நாள் நடைப்பயணத்தில் இலவசமாக உறிஞ்சிக்கொண்டு வருவது முறையல்ல. விதை சேகரிக்கவும் நாற்றங்கால் பார்க்கவும் அவர்களையே கூலியோடு அமர்த்திக்கொள்வதுதான் அவர்களுக்கும் காட்டுக்கும் நல்லது.

செடிகளின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு வழங்குவதும் உண்டு. ஐயம் வந்தால் பூவோ காயோ உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கிடையே அழுத்திக் காயவைத்து, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிலோ, 1955 முதல் இயங்கிவரும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பிலோ காட்டி உறுதிசெய்துகொள்ளலாம்.

தரிசாகக் கிடக்கும் எந்த இடத்திலும் மரம் நடலாம் அல்லவா?

கூடாது. இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாததால்தான் பல நல்ல எண்ணங்கள் கேடாக முடிகின்றன. 'தரிசு' என்பது வருவாய்த் துறை வரி விதிப்பதற்காக வைத்த வகைப்பாடு. அங்கே உயிர் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இயற்கையான புல்வெளி ஆள்காட்டிக்கும் கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் வீடு. வெளிமான் போன்ற விலங்குகள் திறந்த வெளியில்தான் வாழ முடியும். அதில் மரத்தை நெருக்கி நட்டால் ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றின் போலியை உருவாக்கியதாகிவிடும்.

கடற்கரை மணல்மேடும் அப்படியே. அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேடு, அலைக்கும் காற்றுக்கும் எதிராக ஊருக்கு அமைந்த இயற்கை அரண். அதைச் சமப்படுத்திச் சவுக்கு வைப்பதில் அரண் போகிறது. முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளுக்கும் இடம் குறுகுகிறது. மணல்மேட்டின் உட்புறச் சரிவில் புன்னையும் தாழையும் வைக்கலாம். கடலைப் பார்த்த முகத்தைக் கொடிக்கும் புல்லுக்கும் விட்டுவிட வேண்டும்.

ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள்ளும் நடக் கூடாது. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் பெயரில் ஏரிகளுக்குள் கருவேல் வைத்ததன் விளைவைப் பல ஊர்கள் இன்னும் பார்க்கின்றன. 2021 டிசம்பரில் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியைப் போன்ற உப்பங்கழிச் சதுப்புகளின் திறந்த நீர்ப்பரப்பே அங்கு வரும் பறவைகளின் தேவை.

நிலத்துக்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. மேய்க்கால், மந்தைவெளி, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, கோயில் நிலம், காப்புக்காடு என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அலுவலகம் வேறு. கோயில் நிலமென்றால் இந்து சமய அறநிலையத் துறையையும், காப்புக்காடென்றால் வனத்துறையையும் கேட்காமல் ஒரு குழியும் தோண்டக் கூடாது. புல வரைபடத்தை வைத்து எல்லையை அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து நிலக்காரருடன் மூன்றாம் ஆண்டில் வரக்கூடிய வழக்கை இந்த ஒரு நாள் வேலை தவிர்த்துவிடும்.

அதன்பின் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை, அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தில் புல எண், பரப்பு, எத்தனை ஆண்டுக்கு மேய்ச்சல் நிறுத்தப்படும், மாற்று மேய்ச்சல் எங்கே, விறகும் பழமும் யாருக்கு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பல ஊர்களில் அது ஏட்டளவில் மட்டுமே இருக்கிறது. அதை உயிர்ப்பித்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் கோயில் காட்டை ஏற்றிவிட்டால், பின்னாளில் யாராவது சாலைக்கோ கட்டடத்துக்கோ அந்த நிலத்தைக் கேட்கும்போது காட்டுவதற்கு ஓர் ஆவணம் இருக்கும். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு, 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; சிறிய கோயில் காட்டுக்கும் அந்தத் தகுதி கிடைக்கக்கூடும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

ஆடு வைத்திருப்பவர்கள் எதிர்க்கிறார்கள். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விடை கிடைக்கும்: ஆடு வைத்திருப்பவர்கள் இல்லாமல் ஏன் திட்டம் போட்டீர்கள்? இந்த ஊர்களில் புறம்போக்கை நம்பி ஆடு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். அவர்களிலும் பெண்கள் அதிகம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் திடீர் மருத்துவச் செலவுக்கும் விற்கும் சொத்து அந்த ஆடுதான். நிலமுள்ளவர்களும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் கூடி முடிவெடுத்து ஒரு நாள் முள்கம்பி கட்டினால், அந்தக் கம்பி இரவில் அறுபடும். அறுத்தவரைக் காட்டின் எதிரி என்று நான் சொல்லமாட்டேன்.

நடைமுறையில் பலன் தருவது பகுதி பகுதியாக மூடுவது. இருபது ஏக்கர் இருந்தால் முதலில் ஐந்து ஏக்கரை மட்டும் மூடுங்கள். அதையும் எதை மூடுவது என்று மேய்ப்பவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் புல் மோசம், எந்தப் பக்கத்தில் ஆடு தண்ணீருக்கு இறங்கும் என்பது அவர்களுக்கே தெரியும். செடிகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வந்ததும், அதாவது நான்கைந்து ஆண்டுகளில், அந்த ஐந்து ஏக்கரைக் கட்டுப்பாட்டோடு திறந்துவிட்டு அடுத்ததை மூடலாம். மூடிய பகுதியில் வளரும் புல்லை அறுத்துக்கொண்டு போகும் உரிமையை மேய்ச்சலை இழந்த குடும்பங்களுக்கே கொடுக்க வேண்டும். காவல், நீர் ஊற்றுதல் ஆகிய கூலி வேலைகளிலும் முதல் உரிமை அவர்களுக்கே.

வேலிக்குக் கம்பி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி இடையில் காரையும் சூரையும் விட்டால், மூன்றாம் ஆண்டில் ஆடு நுழையாத உயிர்வேலி கிடைக்கும். அதுவரை வெட்டிய சீமைக் கருவேல முள்ளைக் குவித்து வைத்துச் சமாளிக்கலாம். முள்ளில் காய் ஒட்டியிருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீமைக் கருவேலத்தை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே கொண்டுவரப்பட்ட இந்த மரம், விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்டுப் பிறகு கைமீறிப் போனது. அதை அகற்ற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை மாநில அரசு வெளியிட்டது. எப்படி அகற்றுவது என்பதில்தான் ஊர்கள் தடுமாறுகின்றன.

பொக்லைன் இயந்திரம் ஒரே நாளில் பத்து ஏக்கரைத் துடைத்துவிடும். அதோடு மேல்மண் கலைகிறது, முள்ளுக்கடியில் ஒதுங்கி வளர்ந்திருந்த களா, காரை, வெப்பாலைக் கன்றுகள் போகின்றன, மண்ணில் உறங்கிக் கிடந்த சீமைக் கருவேல விதைகள் வெளிச்சம் கண்டு முளைக்கின்றன. அடுத்த மழைக்குப் பிறகு அந்த இடத்தில் முன்பைவிட நெருக்கமாகச் சீமைக் கருவேலமே எழும். எனவே துடைத்தெறியும் முன் ஒவ்வொரு தூருக்குக் கீழும் குனிந்து பாருங்கள். பறவைகள் மேலே உட்கார்ந்து எச்சமிட்டதால் விழுந்த நாட்டு விதைகள் அங்கேதான் முளைத்திருக்கும். ஆட்டின் வாயிலிருந்து அவற்றை இதுவரை காத்தது அந்த முள்தான். அப்படிப்பட்ட கன்றுகளுக்கெல்லாம் ஒரு குச்சியை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, அதன்பின் வெட்டுங்கள்.

தரைக்கு மேலே வெட்டினால் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாகத் துளிர்க்கும். கடப்பாரையால் தூரைச் சுற்றித் தோண்டினால், தண்டும் வேரும் சேரும் இடம் முடிச்சு முடிச்சாகப் பருத்திருப்பது தெரியும். மொட்டுகள் இருப்பது அங்கேதான். அந்தக் கிழங்கு போன்ற பகுதி முழுவதும் வெளியே வந்துவிட்டால், ஆழத்தில் தங்கிய வேர் பொதுவாகத் துளிர்ப்பதில்லை. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இந்த வேலை பாதியாகக் குறையும். சிறு கன்றுகளைக் கையால் பிடுங்கலாம். அகற்றிய இடத்தில் அதே பருவத்தில் நாட்டுச் செடி வைக்க ஆளும் நாற்றும் இல்லையென்றால் அந்த இடத்தை அந்த ஆண்டு தொடவே வேண்டாம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஊரில் இருந்தால் வெட்டிய கட்டை அவர்களுக்குப் போகட்டும். அவர்களோடு பேசாமல் தொடங்குவது ஆட்டுக்காரர்களோடு பேசாமல் தொடங்குவதைப் போன்ற தவறு.

முளைப்பு நிற்க ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்குப் பிறகும் கோடைக்கு முன்பும், நிலத்தை நடந்து பார்த்துப் புதிய கன்றுகளைப் பிடுங்குவதற்குத் திட்டத்திலேயே பணமும் ஆளும் ஒதுக்குங்கள்.

எதையும் நடாமல் காடு தானாக வருமா?

பல இடங்களில் வரும். அருகில் கோயில் காடு இருந்து, நிலத்தில் பழைய தூர்கள் உயிரோடு இருந்தால், மேய்ச்சலையும் தீயையும் விறகுவெட்டையும் மூன்று ஆண்டு நிறுத்திப் பார்ப்பதே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் வழி. ஆடு கடித்துக் கடித்து முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்ட காசாவுக்கும் வீரைக்கும் கீழே பல ஆண்டு வளர்ந்த வேர் இருக்கிறது. கடி நின்றதும் அவை எழும் வேகத்தை நாற்றங்கால் கன்று எட்டிப்பிடிக்க முடியாது. கொண்டைக்குருவியும் குயிலும் மரநாயும் விதை சுமந்து வருவதற்குக் கூலி கேட்பதில்லை. அவை வந்து உட்கார அங்கங்கே காய்ந்த கிளைகளை நட்டு வைத்தால் போதும். நடுவது என்பது, இப்படித் தானாக வராதவற்றுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்று நடும் நிகழ்ச்சியில் புகைப்படம் கிடைக்கும், மேய்ச்சலை நிறுத்துவதில் கிடைக்காது. திட்டங்கள் நடுவதையே முதன்மையாக்குவதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

விதைகளை எப்போது, எப்படிச் சேகரிப்பது?

கோயில் காட்டிலிருந்து எடுப்பதானால் முதலில் பூசாரியிடமும் குலதெய்வக்காரர்களிடமும் கேளுங்கள். உதிர்ந்த சுள்ளியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற கட்டு இன்றும் சில காடுகளில் இருக்கிறது. அந்தக் கட்டுதான் காட்டை இத்தனை காலம் காத்தது என்பதால், அதை மூடநம்பிக்கை என்று சொல்லி மீறுவது நம் வேரையே நாம் வெட்டுவதாகும். பெரும்பாலான இடங்களில் ஒரு பூசை போட்டு உத்தரவு வாங்கிக்கொண்டால் விதை எடுக்க விடுவார்கள்.

ஒரே மரத்தின் விதையை மட்டும் எடுக்காதீர்கள். ஒரே தாயின் பிள்ளைகளால் நிறைந்த காட்டில் நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து போகும். பின்னாளில் அவற்றின் விதையும் வலுவிழக்கும். வெவ்வேறு காடுகளில் பத்துப் பதினைந்து தாய் மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும். உதிர்ந்ததில் பெரும்பகுதியைப் பறவைக்கும் அணிலுக்கும் விட்டுவிட வேண்டும்.

நாவல், வேம்பு, இலுப்பை ஆகியவற்றின் விதைகள் சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆனி, ஆடியில் பழம் விழுந்ததும் சதையைக் கழுவி நீக்கி, வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்தி, அந்த வாரமே விதைத்துவிடுங்கள். கொன்றை, வாகை போன்ற கடினத்தோல் விதைகள் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். அவற்றைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு அப்படியே இரவு முழுவதும் ஊறவைத்தாலோ, சொரசொரப்பான கல்லில் ஓர் ஓரத்தைத் தேய்த்தாலோதான் நீர் உள்ளே இறங்கும். பனங்கொட்டையைப் பையில் வளர்ப்பது வீண் வேலை. முளை நேராகக் கீழே இறங்குவதால் இடம் மாற்றினால் பிழைப்பது அரிது. ஆவணி, புரட்டாசியில் எங்கே மரம் வேண்டுமோ அங்கேயே ஊன்றிவிடுங்கள்.

சேகரித்த நாள், இடம், மரம் ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விதைப்பைக்குள்ளேயே போடுங்கள். எந்த விதை எந்த மாதத்தில் பழுக்கிறது என்ற உங்கள் ஊர் நாட்காட்டி இரண்டு மூன்று ஆண்டுகளில் தானாக உருவாகிவிடும்.

நாற்றுகளை விலைக்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் தேடி வாங்க வேண்டும். பொதுவான நாற்றுப்பண்ணைகளில் கிடைப்பவை மகாகனி, தேக்கு, தூங்குமூஞ்சி, மஞ்சள் கொன்றை, புங்கம் போன்றவை. வீரையோ காசாவோ கேட்டால் பெயரே தெரியாது. இந்தக் காட்டின் மரங்கள் மெதுவாக வளர்பவை. பையில் குறைந்தது ஓராண்டு, சில வகைகள் இரண்டாண்டு இருந்தால்தான் வயலின் கோடையைத் தாங்கும். எனவே ஊரிலேயே சிறு நாற்றங்கால் வைப்பது நல்லது. செம்மண், மணல், மட்கிய எரு கலந்த மண், பாதி நிழல், கிணற்றுக்கருகில் பத்துக்குப் பத்து அடி இடம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

வாங்கும்போது ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் பையின் அடியில் போய் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்த நாற்று எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேண்டாம். சுருண்ட வேர் மண்ணிலும் சுருண்டே வளரும். ஐந்தாறு ஆண்டு கழித்து வரும் முதல் புயலில் மரம் அப்படியே சாயும்.

எந்த மாதத்தில் நடுவது? சுற்றுச்சூழல் நாளன்று நடலாமா?

சூன் 5 தென்மேற்குப் பருவமழை பெறும் கேரளத்துக்கும் மும்பைக்கும் பொருத்தமான நாள். நம் கடற்கரையில் கத்திரி முடிந்து ஏறக்குறைய ஒரு வாரமே ஆகியிருக்கும்; மண் செங்கல்லாக இறுகிக் கிடக்கும். அன்று நட்ட கன்று நான்கு மாதம் தண்ணீர் லாரியை நம்பித்தான் வாழ வேண்டும். ஆடி, ஆவணியின் மாலை மழையில் குழி எடுத்து ஆறவிட்டு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்து மண் ஒரு முழம் நனைந்தபின் நடுங்கள், கார்த்திகைக்குள் முடித்துவிடுங்கள். தையில் நட்டால் வேர் இறங்குவதற்குள் பனி போய் வெயில் வந்துவிடும். சுற்றுச்சூழல் நாளைக் கொண்டாடியே ஆக வேண்டுமென்றால் அன்று விதை பொறுக்கலாம்.

எவ்வளவு நெருக்கமாக நடுவது? மியாவாக்கி முறை சரியா?

ஒன்றரை அடி ஆழ அகலக் குழியும், கன்றுக்குக் கன்று மூன்று மீட்டரும் பொதுவாகப் போதும். ஏக்கருக்கு ஏறக்குறைய 450 கன்றுகள் பிடிக்கும். வரிசையாக நடாமல், ஏழெட்டு வகைகளைக் கொத்துக் கொத்தாக வைத்து இடையில் வெளி விடுவது பறவை விதைக்கு இடம் தரும். புதர்களையும் கொடிகளையும் மறக்காதீர்கள். மரம் மட்டும் வைத்தால் அது தோப்பு. சரிவில் மண் அரித்துக்கொண்டு போகும் இடமென்றால், நடுவதற்கு முந்தைய ஆண்டே சமமட்ட வரப்பும் பிறை வடிவக் கரையும் போட்டு மழைநீரை நிறுத்துங்கள்.

சிறு இடத்தில் மிக நெருக்கமாக நட்டு விரைவாகக் காடு வளர்க்கும் மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள், அதாவது ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அதற்கான எருவும் தண்ணீரும் கணக்கிட்டால் ஊராட்சி தாங்காது. பள்ளி வளாகத்தின் மூலையில் ஒரு பசுமைத் திட்டு வேண்டும் என்றால் செய்யலாம். இயல்பாகவே இடைவெளியும் வெயிலும் கலந்த வாழிடத்தை மீட்பதற்கு அது வழியல்ல.

விரைவாக வளரும் அயல் மரங்களை நிழலுக்காக முதலில் வைக்கலாமா?

இந்தக் கேள்விக்கு ஆரோவில்லின் வரலாறே விடை. 1968இல் அந்த நகரம் தொடங்கப்பட்டபோது அங்கிருந்தது மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகிப்போன செம்மண் மேடு. வந்தவர்கள் வரப்பு போட்டு நீரை நிறுத்தி, கிடைத்ததையெல்லாம் நட்டார்கள். அவற்றுள் ஆஸ்திரேலிய வேலமரம் விரைவாக வளர்ந்து நிழலும் சருகும் தந்தது. அந்த நிழலில் நாட்டு மரங்களை வளர்க்க முடிந்தது என்பது உண்மை. ஆனால் அந்த வேலமரம் தானாக விதைத்துப் பரவிப் பெரும் களையாகவும் ஆயிற்று. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே 'தானே' புயல் கரையைக் கடந்தபோது அவை கூட்டங்கூட்டமாக விழுந்தன. நாட்டு மரங்கள் பெரும்பாலும் கிளையை இழந்து நின்றன. அன்று அவர்களிடம் இருந்த அறிவுக்கு அது நியாயமான முடிவு. இன்று உசில், ஆத்தி, வெள்வேல், புங்கம் என்று வெயில் தாங்கி விரைவாக வளரும் நாட்டு மரங்கள் நமக்குத் தெரியும்போது அயல் மரத்தை நாடக் காரணம் இல்லை.

கோடையில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?

முதல் கோடையில், மாசி முதல் ஆனி வரை, வாரம் ஒரு முறை கன்றுக்கு ஒரு குடம். இரண்டாம் கோடையில் இரு வாரத்துக்கு ஒரு முறை. மூன்றாம் ஆண்டு நிறுத்திவிடலாம். தினமும் சிறிது ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். கன்றைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்குச் சருகு பரப்பி, தண்டை மட்டும் தொடாமல் விட்டால் நீர்த் தேவை வெகுவாகக் குறையும். தென்மேற்குப் பக்கத்தில் ஒரு பனையோலையைச் செருகி வைப்பது பிற்பகல் வெயிலை மறைக்கும். நீர் ஊற்ற முடியாத எண்ணிக்கையில் நடவே கூடாது.

பாம்பு வருமே என்று மக்கள் அஞ்சுகிறார்கள்.

வரும். வீட்டுக்கும் காட்டுக்கும் இடையே சில மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சுத்தமாக வைத்து, குப்பையையும் எலியையும் கட்டுப்படுத்தி, இரவில் விளக்கோடு நடந்தால் போதும். கடித்தால் நேராக அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதையும், அருகில் விஷமுறிவு மருந்து எங்கே கிடைக்கும் என்பதையும் ஊர்ப் பலகையில் எழுதி வையுங்கள்.

நன்கொடை தரும் நிறுவனங்கள் கன்றுகளின் எண்ணிக்கையை மட்டுமே கேட்கின்றன. என்ன செய்வது?

பத்தாயிரம் கன்று நடப் பணம் தருகிறோம், ஆனால் பராமரிப்புக்கு ஓராண்டுக்கு மேல் தரமாட்டோம் என்றால் மறுத்துவிடுவதே நல்லது. ஆயிரம் கன்றுக்கும், ஐந்தாண்டுக் காவலுக்கும், களையெடுப்புக்கும் அதே பணத்தைப் பிரித்துத் தரக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் நட்ட எண்ணிக்கைக்குப் பதில் மூன்றாம் ஆண்டில் உயிரோடுள்ள எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள். மாநில அரசு 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கத்தின் வழியாக நாட்டு மர நாற்றுகளைக் கேட்டுப் பெறவும் முயலலாம். வகைப் பட்டியலை நீங்களே கொடுங்கள், கிடைப்பதை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கோயில் திருப்பணிக் குழுவே காட்டை வெட்டி மண்டபமும் வண்டி நிறுத்தமும் கட்ட நினைக்கிறது. எப்படித் தடுப்பது?

இன்று கோயில் காடுகளுக்கு இதுவே பெரிய ஆபத்து. விறகுவெட்டியைவிடப் பக்தர்தான் அதிகம் அழிக்கிறார். வெளியூரில் வசதியாக வாழும் குலதெய்வக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை வந்து, காட்டைப் 'புதர்' என்று பார்த்துச் சுத்தம் செய்யப் பணம் தருகிறார்கள். அவர்களோடு சண்டை போடுவதைவிட, அவர்கள் தரும் பணத்துக்கு வேறு வேலை காட்டுவது பலன் தரும்: ஊருணியைத் தூர்வாருவது, மண்குதிரைகளைப் புதுப்பிப்பது, காட்டின் விளிம்பில் சுற்றுச்சுவருக்குப் பதில் உயிர்வேலி வைப்பது. மண்டபம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் காட்டுக்கு வெளியே, சாலை ஓரத்தில் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். இளங்கன்றுகளையும் கொடிகளையும் அறுத்துப் பெரிய மரங்களை மட்டும் விட்டுவைப்பதும் அழிவுதான்; அந்த மரங்கள் போனபின் வர வாரிசு இருக்காது.

வேலை சரியாக நடக்கிறதா என்று எப்படி அளப்பது?

நிலத்தில் நான்கைந்து இடங்களில் கல் நட்டு, ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் அதே கல்மேல் நின்று அதே திசையில் ஒரு படம் எடுங்கள். நட்ட கன்றுகளைச் சித்திரைக் கடைசியில் எண்ணுங்கள். மழைக்காலத்தில் எண்ணினால் எல்லாம் பச்சையாகத் தெரிந்து ஏமாற்றும். இவற்றைவிட முக்கியமானது, நீங்கள் நடாத எத்தனை நாட்டுச் செடிகள் முளைத்திருக்கின்றன என்ற கணக்கு. பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு பத்துக்குப் பத்து மீட்டர் சதுரங்களில் இதை எண்ணச் செய்யலாம்.

எத்தனை ஆண்டில் காடாகும்?

களாவும் காரையும் மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி, கொண்டைக்குருவிகள் தங்கும். விடுபட்ட இடத்தை நிரப்புவதையும் சீமைக் கருவேலக் கன்று பிடுங்குவதையும் ஐந்தாம் ஆண்டு வரை நிறுத்த முடியாது. பத்தாம் ஆண்டில் உள்ளே நிழல் விழும்; அதன்பிறகுதான் நிழல் விரும்பும் வகைகளைக் கொண்டுபோய் வைக்க முடியும். வீரையும் உலக்கைப்பாலையும் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பருக்க, இப்போது நடுபவரின் பேரப்பிள்ளைகள் காலமாகும். எனவே குழுவில் அறுபது வயதுக்காரர் இருவர் இருந்தால் இருபது வயதுக்காரர் நால்வர் இருக்கட்டும். நிலத்தின் ஆவணங்கள், விதை நாட்காட்டி, ஆண்டுப் படங்கள் ஆகியவற்றின் படியொன்று ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்று பள்ளியிலும் இருக்கட்டும்.